திருவிருந்துக்கு ஒரு குரு

1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங் ஜப்பானியப் படையிடம் சரணடைந்தது. கடலுக்கு அப்பால், போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த மக்காவ் மட்டும் தப்பியது. போர்ச்சுகல் அந்தப் போரில் எந்தப் பக்கமும் சேராத நாடு. அதனால் ஜப்பானியர்கள் அந்தச் சின்ன ஊரைக் கைப்பற்றாமல் விட்டார்கள். சீனாவின் தென்கரையில் உயிருக்குப் பயந்தவர்களெல்லாம் மக்காவுக்கு ஓடினார்கள். வந்தவர்களுக்குப் போட அரிசி இல்லை. ஆட்கள் தெருவிலேயே பசியால் இறந்தார்கள்.

அங்கே சிறிய ஆங்கிலிக்கன் சபை ஒன்று இருந்தது. அதைக் கவனித்துவந்தவர் முப்பத்துநான்கு வயதுச் சீனப் பெண், லீ டிம் ஒய். அகதிகளுக்கு உணவு தேடுவது, நோயாளிகளைப் பார்ப்பது, இறந்தவர்களை அடக்கம் செய்வது, ஞாயிறு ஆராதனை நடத்துவது, புதிதாக வருகிறவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது என்று அத்தனையும் அவர் பொறுப்பு. ஒன்றை மட்டும் அவர் செய்ய முடியாது. திருவிருந்து நடத்த முடியாது.

ஏன் என்று புரிய, திருச்சபையின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலிக்கன் மரபில் திருப்பணிக்கு மூன்று நிலைகள் உண்டு: டீக்கன் எனப்படும் உதவிகுரு, குரு, பேராயர். நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளிலும் இந்த மூன்று நிலைகளைப் பார்க்கலாம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் 1947-ல் ஒன்றாகச் சேர்ந்ததுதானே தென்னிந்தியத் திருச்சபை. டீக்கன் பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்க ஆராதனை நடத்தலாம். அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்துச் சபைக்குப் பகிரும் திருவிருந்துக்கோ குரு வேண்டும். டிம் ஒய் 1941 மே மாதம் டீக்கனாக நியமிக்கப்பட்டவர். அதற்கு மேல் எந்தப் பெண்ணுக்கும் உலகின் எந்த ஆங்கிலிக்கன் திருச்சபையிலும் அன்று படி கிடையாது. போருக்கு முன் ஹாங்காங்கிலிருந்து குருமார் படகேறி வந்து திருவிருந்து நடத்திக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது வர வழியில்லை.

வெளியில் இருக்கிறவர்களுக்கு இது சடங்குச் சிக்கலாகத் தோன்றலாம். அந்தச் சபைக்கு அப்படி இல்லை. வீட்டை விட்டு, ஊரை விட்டு, உறவுகளைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். கிறிஸ்து தம் சரீரத்தையே தருகிறார் என்று அவர்கள் நம்பும் அந்த விருந்து, மற்ற எல்லாம் பறிபோன பிறகும் மிச்சமிருந்த ஒன்று. அதையும் போர் நிறுத்திவிடலாமா?

டிம் ஒய் 1907 மே 5 அன்று ஹாங்காங்கின் அபர்டீன் என்ற மீனவக் கிராமத்தில் பிறந்தவர். ஆண் பிள்ளைக்கு ஏங்கும் சமூகம் அது. அவருடைய தகப்பனாரோ பெண் பிறந்ததில் மகிழ்ந்து, பேரன்புக்குரியவள் என்று பொருள்படும் பெயரை வைத்தார். ஞானஸ்நானம் பெற்றபோது அவர் தனக்குத் தானே தேர்ந்துகொண்ட பெயர் ஃப்ளோரன்ஸ். போர்க்களத்துக் காயம்பட்டவர்களைக் கவனித்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலை மனதில் வைத்து எடுத்த பெயர்.

1931-ல் ஹாங்காங் புனித யோவான் பேராலயத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்ணை டீக்கனஸ் எனப்படும் பெண் ஊழியர் பணிக்கு நியமிக்கும் ஆராதனை நடந்தது. பிரசங்கம் செய்தவர், இந்த ஊழியத்துக்குத் தன்னைக் கொடுக்கச் சீனப் பெண் யாராவது முன்வருவீர்களா என்று கேட்டார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த டிம் ஒய் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டதாகவே எடுத்துக்கொண்டார். கிறிஸ்தவர்கள் இதை ‘அழைப்பு’ என்பார்கள். அழைப்பு கிடைத்ததும் கதவு திறந்துவிடவில்லை. அவர் கான்டன் நகரத்து இறையியல் கல்லூரியில் சேர்ந்தபோது ஆண்டு 1934, வயது இருபத்தேழு. நான்கு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் சீனாவின்மீது ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கி, கான்டன்மீது குண்டுகள் விழுந்தன. படிப்பை முடித்துக் கவுலூன் சபையில் அகதிகளிடையே பணியாற்றினார். 1940-ல் மக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

படித்து முடித்த ஓர் ஆண் என்ன ஆவான் என்பது அன்று எல்லோருக்கும் தெரியும். பெண் என்ன ஆவாள் என்பதற்குத் திருச்சபையிடம் தெளிவான பதில் இல்லை. ஆசிய நாடுகளெங்கும் சபைகளைக் கட்டியதில் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு. தமிழ்நாட்டிலும் ‘பைபிள் உமன்’ என்று அழைக்கப்பட்ட பெண்கள், ஆண் ஊழியர்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய்ப் படிப்பும் வேதமும் சொல்லிக் கொடுத்தவர்கள். அவர்கள் உழைப்பில் உருவான சபைகளின் பதிவேட்டில் அவர்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மக்காவ் நெருக்கடிக்கு வருவோம். குரு வர முடியாத நிலையில், டீக்கனாகவே இருந்து திருவிருந்து நடத்த டிம் ஒய்க்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அப்படி நடந்தது. ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹாலுக்கு இது உறுத்தியது. ஹாங்காங் வீழ்ந்தபோது அவர் வெளிநாட்டில் இருந்ததால் சிறைப்படாமல் தப்பி, ஜப்பானியர் பிடிக்காத சீனப் பகுதிகளுக்கு வந்து பணியைத் தொடர்ந்திருந்தார். அவருடைய உறுத்தல் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிரானது. குருப்பட்டம் பெறாத ஒருவர் திருவிருந்து நடத்துவதுதான் பெரிய விதிமீறல் என்று நினைத்தார். அந்தப் பணியை ஒரு பெண் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார், சபை அதனால் உயிரோடிருக்கிறது என்றால், அவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதே நேர்மையான வழி என்பது அவர் முடிவு. பெண்ணுரிமைக்காக இதைச் செய்யவில்லை என்று அவரே அழுத்திச் சொன்னார். தன் பொறுப்பில் உள்ள மக்கள் திருவிருந்து இல்லாமல் போகக்கூடாது என்பது அவர் கவலை.

அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கொர்நேலியு கதையை அவர் துணைக்கு எடுத்துக்கொண்டார். யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஞானஸ்நானம் கொடுக்க மறுக்கப் பேதுருவால் முடியவில்லை. கடவுள் வரம் கொடுத்துவிட்டார். அதை ஏற்பது மட்டும்தான் திருச்சபையின் வேலை. டிம் ஒய்யிடம் குருவுக்குரிய வரம் இருப்பதை ஹால் அதே விதத்தில் பார்த்தார்.

1944 ஜனவரியில் டிம் ஒய் மக்காவை விட்டுப் புறப்பட்டார். ஜப்பானியர் பிடியில் இருந்த பகுதிகளைக் கடந்து, இன்னும் பிடிபடாத சின்சிங் என்ற ஊரில் பேராயரைச் சந்தித்தார். இருவரும் அங்கிருந்து ஜாவ்சிங் போனார்கள். ஜனவரி 25, பவுல் மனந்திரும்பிய திருநாள் அன்று, ரொனால்ட் ஹால் அவர் தலைமேல் கைவைத்துக் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் வரலாற்றில் குருவான முதல் பெண் அவர். வந்த வழியே ஆபத்தைக் கடந்து மக்காவ் திரும்பி, தன் சபைக்குத் திருவிருந்து பகிர்ந்தார்.

பேராயர் ஹால், கான்டர்பரியின் தலைமைப் பேராயர் வில்லியம் டெம்பிளுக்கு நடந்ததை எழுதினார். டெம்பிளால் அதை ஆதரிக்கவும் முடியவில்லை, முழு மனதோடு கண்டிக்கவும் முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார். அடுத்து வந்த ஜெஃப்ரி ஃபிஷருக்கு அந்தத் தயக்கம் இல்லை. போர் முடிந்து செய்தி வெளியே பரவியதும் எதிர்ப்பு வலுத்தது. சீன ஆங்கிலிக்கன் பேராயர்களும் ஹாலின் செயலை ஏற்கவில்லை. டிம் ஒய் விலக வேண்டும், இல்லையென்றால் ஹாலின் பதவிக்கே ஆபத்து என்ற நிலை உருவானது.

1946-ல் டிம் ஒய் விலகினார். ஆனால் எதிலிருந்து விலகினார் என்பதைக் கவனிக்க வேண்டும். குருவாகப் பணி செய்வதற்கான உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்; குருத்துவத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மருத்துவமனை வேலையை விட்டுவிட்டாலும் மருத்துவர் மருத்துவர்தான் அல்லவா, அதுபோல இது. ஒருமுறை பெற்ற குருப்பட்டம் அழியாது என்பது திருச்சபையின் பழைய போதனை. தன்னால் பேராயருக்குத் துன்பம் வரக்கூடாது, திருச்சபைக்குள் சண்டை மூளக்கூடாது என்பதற்காக அவர் ஒதுங்கிக்கொண்டார்.

இந்த இடத்தை எளிதாகக் கடந்துபோக மனம் வருவதில்லை. அவருடைய தாழ்மையைப் பலரும் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள், புகழுக்குரியதுதான். அதற்காக, அவரை அந்த நிலையில் நிறுத்தியவர்கள் செய்தது சரியாகிவிடாது. பஞ்ச காலத்தில் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த ஊழியம் செல்லும், சமாதானம் வந்ததும் அது செல்லாது என்று சொல்வது அநியாயம். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவருடைய போதனையில் பிழை இல்லை, நடத்தையில் குறை இல்லை. பெண் என்பது மட்டுமே காரணம்.

எதிர்த்தவர்களின் வாதங்களையும் சொல்ல வேண்டும். இயேசு தேர்ந்தெடுத்த பன்னிருவரும் ஆண்கள். சபையில் பெண்கள் பேசாதிருக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டு மரபை ஒரு பேராயர் தனியாக மாற்ற முடியாது. மாற்றினால் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளோடு ஒற்றுமை கெடும் என்பவை அவை. ஆதரித்தவர்களும் வேதத்தைத்தான் எடுத்தார்கள். உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் சுமந்து ஓடியது மகதலேனா மரியாள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைப் பவுலே பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறார். கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதியதும் அதே பவுல்தான். ஒரே புத்தகத்திலிருந்து இரண்டு தரப்பும் பேசும்போது, தீர்ப்பு கடைசியில் திருச்சபை கண்ணெதிரே எதைக் கண்டது என்பதைப் பொறுத்தது. மக்காவ் சபை கண்டிருந்தது. லண்டன் காணவில்லை.

ஹால் உரிமத்தைக் காப்பாற்ற முடியாமல் போனாலும் டிம் ஒய்யைக் கைவிடவில்லை. வியட்நாம் எல்லைக்கு அருகில் இருந்த ஹெபு என்ற ஊரின் புனித பர்னபா சபைக்கு அவரைப் பொறுப்பாளராக அனுப்பினார். அவரைக் குரு என்றே அழைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். பிறந்த பெண் சிசுக்களை மூச்சைத் திணறடித்துக் கொல்லும் வழக்கம் அந்தப் பகுதியில் இருந்தது. டிம் ஒய் அங்கே ஒரு பிரசவ இல்லம் தொடங்கினார். தாய்மார் அவர் கண்ணெதிரே பிள்ளை பெற்றார்கள்; பெண் குழந்தைகள் பிழைத்தன. பெண் குழந்தை பிறந்ததற்கு மகிழ்ந்த ஒரு தகப்பனின் மகள் அவர் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஹாங்காங் திருமண்டலம் விடவில்லை. இருபது ஆண்டுகளுக்குச் சோதனை முறையில் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை, உலகமெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டின் முன் 1948-ல் வைக்கப்பட்டது. மாநாடு மறுத்தது.

அடுத்த ஆண்டு சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். டிம் ஒய் கொஞ்ச காலம் கான்டனில் இறையியல் கற்பித்தார். 1958-க்குப் பிறகு ஆலயங்கள் மூடப்பட்டன. அவரைப் பண்ணைக்கு அனுப்பிக் கோழி வளர்க்க வைத்தார்கள். பிறகு தொழிற்சாலை வேலை. எதிர்ப்புரட்சிக்காரர் என்று முத்திரை குத்தி, அரசியல் மறுகல்வி என்ற பெயரில் வதைத்தார்கள். கலாசாரப் புரட்சியின்போது அவருடைய ஆராதனை அங்கிகளை அவர் கையாலேயே கத்தரிக்கோலால் வெட்டச் செய்தார்கள். தற்கொலையைப் பற்றி நினைத்த நாட்களும் அவருக்கு இருந்தன. தான் ஒரு குரு என்ற நினைவு அப்போது தன்னைத் தடுத்து நிறுத்தியதாகப் பின்னாளில் சொன்னார். ஆலயம் இல்லை, சபை இல்லை, அங்கி இல்லை, உரிமம் முன்பே போய்விட்டது. ஜெபிப்பதற்கு ஆள் நடமாட்டமில்லாத மலைப்பக்கம் போவாராம். 1974-ல், அறுபத்தேழாம் வயதில், வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது.

அவர் சீனாவுக்குள் அடைபட்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் வெளியே பூட்டு உடைந்தது. 1971-ல் கென்யாவின் லிமுரு நகரில் ஆங்கிலிக்கன் ஆலோசனைக் குழு முதன்முறையாகக் கூடியது. தன் ஆட்சிமன்றத்தின் ஒப்புதலோடு ஹாங்காங் பேராயர் பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்தால் அதை ஏற்கலாமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. ஏற்கலாம் என்று 24 பேர், கூடாது என்று 22 பேர். இரண்டே வாக்கு வித்தியாசம்! நவம்பர் 28 அன்று பேராயர் கில்பர்ட் பேக்கர், ஜேன் ஹ்வாங், ஜாய்ஸ் பென்னட் என்ற இரண்டு பெண்களைக் குருவாக்கினார். ஜேன் ஹ்வாங் சீனர். ஜாய்ஸ் பென்னட் ஹாங்காங்கில் பெண்கள் பள்ளியை நடத்திவந்த ஆங்கிலேயர். டிம் ஒய்யும் குருவே என்று ஹாங்காங் திருமண்டலம் அப்போது முறைப்படி அங்கீகரித்தது. அவர் உரிமத்தைக் கொடுத்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிறகு மாற்றம் வேகமெடுத்தது. 1974-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பதினொரு பெண்களுக்குத் திருச்சபையின் அனுமதிக்குக் காத்திராமல் குருப்பட்டம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கத் திருச்சபை சட்டத்தை மாற்றியது. கனடாவில் 1976-லேயே பெண் குருமார் வந்துவிட்டார்கள்.

சீனாவில் 1979 முதல் ஆலயங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 1980-களின் தொடக்கத்தில் டிம் ஒய் கனடாவுக்குப் போய், டொரன்டோவில் ஊதியமில்லா உதவிக் குருவாகப் பணியேற்றார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது கடந்திருந்தது. 1984-ல் அவர் குருவான நாற்பதாம் ஆண்டு நிறைவை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் கொண்டாடினார்கள். இங்கிலாந்துத் திருச்சபை தன் சொந்தப் பெண்களில் ஒருவரைக்கூட அதுவரை குருவாக்கியிருக்கவில்லை. அங்கே வந்திருந்த ஆங்கிலேயப் பெண்கள் பலர் அன்று டீக்கன் நிலையைக்கூட எட்டாதவர்கள். தங்களுக்குக் கிடைக்காது என்று சொல்லப்பட்டது கிடைத்த ஒருவரை அவர்கள் நேரில் பார்த்தார்கள்.

1989 பிப்ரவரியில் பாஸ்டனில் பார்பரா ஹாரிஸ் பேராயராக அபிஷேகம் பெற்றார். உலக ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் பெண் அவர், கறுப்பினத்தவர். கொலை மிரட்டல்கள் வந்ததால் குண்டு துளைக்காத உடுப்பு அணியச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். அன்றைய திருவிருந்தில் அவரோடு சேர்ந்து பலிபீடத்தில் நின்றவர்களில் எண்பத்தொரு வயது டிம் ஒய்யும் ஒருவர்.

டிம் ஒய் 1992 பிப்ரவரி 26 அன்று டொரன்டோவில் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 11-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை பெண்கள் குருவாகலாம் என்று வாக்களித்தது. 1994 மார்ச்சில் பிரிஸ்டல் பேராலயத்தில் முதல் முப்பத்திரண்டு பெண்கள் குருப்பட்டம் பெற்றார்கள். அதே 1994-ல்தான், பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று போப் இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கர்களுக்கு அறிவித்தார். அந்த நிலை இன்றும் அப்படியே இருக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை 2013 செப்டம்பரில் புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக அபிஷேகம் செய்தது. கர்னூல் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊழியத்துக்கு வந்தவர் அவர். இங்கிலாந்துத் திருச்சபை தன் முதல் பெண் பேராயரான லிபி லேனை அபிஷேகம் செய்தது 2015 ஜனவரியில்தான். மிஷனரிகளை அனுப்பிய திருச்சபையை, அவர்கள் வந்து சேர்ந்த மண்ணின் திருச்சபை முந்திவிட்டது.

2025 அக்டோபரில் சாரா முலாலி அடுத்த கான்டர்பரி தலைமைப் பேராயராக அறிவிக்கப்பட்டார். செவிலியராக வேலை தொடங்கி, இங்கிலாந்து அரசின் தலைமைச் செவிலியர் அதிகாரியாக உயர்ந்து, பிறகு குருவானவர். டெம்பிளும் ஃபிஷரும் அமர்ந்த இருக்கையில் அமரும் முதல் பெண். அறிவிப்பு வந்ததுமே ருவாண்டா திருச்சபையின் தலைவர் உள்ளிட்ட சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி திருமண்டலம் பெண்களை இன்றும் டீக்கன் நிலைக்கு மேல் ஏற்றுவதில்லை. இங்கிலாந்திலேயே, பெண் குருவை ஏற்க மனமில்லாத சபைகள் தங்களுக்கென வேறு பேராயரின் கவனிப்பைக் கேட்டுப் பெற இடமிருக்கிறது.

டிம் ஒய்யின் தங்கை ரீட்டா, அக்காவின் குருப்பட்டத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த 1994-ல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஊழியத்துக்கும் சமூகப் பணிக்கும் அழைப்பு இருந்தும் படிக்கப் பணமில்லாத பெண்களுக்கு, ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று அவரவர் நாட்டிலேயே பயிற்சி பெற அது உதவித்தொகை கொடுத்துவருகிறது.